புறப்பட மறுக்கும் எஞ்சின்

பிணியின் காரணத்தைக் காணுமுன் மருந்தைத் தேடுதல் தகாது என்பது திருக்குறளின் மருந்ததிகாரம் கற்பிக்கும் நெறி. இதனை யாம் வகுப்பிற் படித்தோம். உணர்ந்ததோ படப்பையில், ஒரு பழைய மோட்டார் வண்டியின் அருகிலாம். அங்ஙனம் கற்றதை நண்பர்களுக்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றோம்.

எம் நண்பர் ஒருவரின் பாட்டனார் படப்பையில் வாழ்கின்றார். அவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டு முதற் சில்லாண்டுகள், படப்பைச் சாலை தொடங்கும் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட வகை அது. நான்கு சிலிண்டர்; 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். பாட்டியாரை வாரந்தோறும் தாம்பரத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது அவ்வண்டியே. ஆயின் சில திங்களாகக் காலை வேளையில் அஃது எளிதிற் புறப்படவில்லை. புதுப் பாட்டரி வாங்கினர், கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தனர், பயனில்லை. பழைய இரும்புக்கு விற்றுவிடுவதே வழி எனப் பெரியவர் துணிந்தார்.

எம் தாய்மாமனார் மெக்கானிக் ஆதலின், விடுமுறைகளில் அவரிடம் இத்தொழிலிற் சிறிது பழகியுள்ளோம். அத்துணிவால் அங்குச் சென்ற யாமும் முதலிற் பிழையே செய்தோம். பெட்ரோல் போதவில்லை போலும் எனக் கருதிச் சோக்கை முழுதும் இழுத்து, ஸ்டார்ட்டரைப் பன்முறை சுழற்றினோம். பெட்ரோல் வாடை எழுந்தது, எஞ்சின் எழவில்லை. பெரியவர் ஒன்றும் கூறாது திண்ணையிற் போய் அமர்ந்தார். அம்மௌனம் எம்மை நாணச் செய்தது. இனி முறையாக ஆராய்வதென உறுதி கொண்டோம்.

பெட்ரோல் எஞ்சின் புறப்படுதற்கு வேண்டுவன மூன்று: தக்க அளவிற் காற்றொடு கலந்த பெட்ரோல், அக்கலவையைச் சிலிண்டருள் நெருக்கும் அமுக்கம், உரிய கணத்தில் எழும் தீப்பொறி. இவற்றிற்கும் முன்னதாக, எஞ்சினைப் போதிய விரைவோடு சுழற்றும் வலிமை வேண்டும். 1912-ஆம் ஆண்டுக் கடில்லாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததற்கு முன், அவ்வேலையைக் கைப்பிடியாற் செய்தனர்; அது திருப்பியடித்தமையாற் கையொடிந்தவரும் உளர்.

ஆகவே முதல் வினா, எஞ்சின் விரைந்து சுழல்கின்றதா என்பது. சோர்ந்து சுழலுமாயின், பாட்டரி முனைகளிற் படிந்த உப்பையும், தளர்ந்த கம்பிகளையும், எஞ்சினை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கம்பியையும் நோக்குக. சுழற்றும்போது 12 வோல்ட் பாட்டரியின் முனைகளில் அளவு ஏறத்தாழ 9½ வோல்ட்டுக்குக் கீழே இறங்கின், பாட்டரி தளர்ந்தது என ஐயுறலாம். எம் வண்டியோ நன்கு சுழன்றது. அதற்குப் புதுப் பாட்டரி வேண்டியிருந்ததில்லை.

இரண்டாவது வினா, பெட்ரோல் சிலிண்டரை அடைகின்றதா என்பது. இதற்குப் பிளக்கே சான்று கூறும். பன்முறை சுழற்றிய பின்னும் பிளக் உலர்ந்திருப்பின் பெட்ரோல் பம்பையும் குழாயையும் ஆராய்க. நனைந்திருப்பின் பெட்ரோல் வருகின்றது, எரியவில்லை. எம் பிளக்குகள் நான்கும் நனைந்திருந்தன. யாம் சோக்கை இழுத்தது எரியாத பெட்ரோலை மேலும் மிகுத்ததேயன்றி வேறன்று.

மூன்றாவது வினா, பொறி வலிதா என்பது. பெட்ரோல் ஆவி நீங்கும்வரை அரைமணி நேரம் காத்திருந்தோம். இதில் விரைதல் தீக்கு இடமாகும். பின்னர் ஒரு பிளக்கைத் துடைத்து, அதன் கம்பியோடு பூட்டி, துளைக்குச் சேய்மையில் எஞ்சினின் உலோகத்தைத் தொடுமாறு வைத்துச் சுழற்றினோம். நீல நிறமாய்ச் சடசடவென எழவேண்டிய பொறி, மஞ்சளாய் மெலிந்து தோன்றிற்று.

காயிலிலிருந்து பல்லாயிரம் வோல்ட் எழுவது, டிஸ்டிரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் திறக்கும் கணத்தில். அப்போது பாயிண்டிலேயே பொறி சிதறாதவாறு காப்பது கண்டென்சர். டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்தபோது பாயிண்டின் முகங்கள் கருகிக் குழிந்திருந்தன; கண்டென்சர் கெட்டதற்கு இஃது ஓர் அறிகுறி. நண்பகலில் ஒருவாறு ஓடிய வண்டி காலையில் மறுத்ததேன்? குளிர்ந்த எஞ்சினிற் பெட்ரோல் நன்கு ஆவியாகாது. ஸ்டார்ட்டர் மின்சாரத்தை மிகுதியாய் ஈர்த்தலாற் காயிலுக்குச் செல்வதும் குறையும். வலிய பொறி வேண்டும் அவ்வேளையிலேயே மெலிந்த பொறி மேலும் மெலிந்தது.

பாயிண்டையும் கண்டென்சரையும் மாற்றினோம். பாயிண்டின் இடைவெளியை 0.015 அங்குலமாகவும், பிளக்கின் இடைவெளியை 0.025 அங்குலமாகவும் அமைத்தோம். இரண்டாம் சுழற்சியில் எஞ்சின் உயிர்த்தது. அமுக்கத்தை அளக்கவேண்டிய தேவை எழவில்லை. திண்ணையிலிருந்து எழுந்து வந்த பெரியவர், “தம்பி, பாட்டரியை இனித் திருப்பிக் கொடுக்க முடியாதே!” என்று நகைத்தார். அவ்வாரம் பாட்டியார் தம் வண்டியிலேயே மருத்துவமனைக்குச் சென்றனர்.

அதே சாலையில் ஒரகடத்தில் இன்று ஆக்கப்படும் வண்டிகளிற் கார்புரேட்டரும் இல்லை, பாயிண்டும் இல்லை. பொறியையும் பெட்ரோலையும் கணினி ஆள்கின்றது. பழுது நேர்ந்தால் அஃது ஓர் எண்ணையும் காட்டும். எனினும் அவ்வெண் ஐயத்திற்குரிய இடத்தைச் சுட்டுமேயன்றி, காரணத்தை முற்றும் கூறாது. சுழற்சி, பெட்ரோல், பொறி, அமுக்கம் என ஒவ்வொன்றாய் ஆராய்ந்து தெளிவது இன்றும் மனிதர் கடனே.

முதலிற் சுட்டிய நெறியைக் கூறும் குறளின் எண் 948. அவ்வெஞ்சினின் அளவும் 948. இஃது தற்செயலே. ஆயினும் எப்பொருளையும் ஆராயாது மாற்றத் துணியுங்கால், அவ்வெண் எம் நினைவில் எழுந்து தடுக்கும் என நம்புகின்றோம்.