திருகோணமலை மீனும் கதிரியக்கமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது, நாட்டின் பல பகுதிகளில் மக்கள் மீனை ஒதுக்கினார்கள். நட்டம் மீனவர் தலையில் விழுந்தது. அது இரசாயன விபத்து. அணு விபத்து என்றால் பயம் இன்னும் வேகமாகப் பரவும். குச்சவெளியிலும் கொட்டியாரக்குடாவிலும் வலை வீசுபவர்களும், அவர்களிடம் மீன் வாங்குபவர்களும் இப்போதே அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

நம்பிக்கை: கடலில் கதிரியக்கம் இருந்தால் அது அணு உலையிலிருந்து வந்ததுதான்.

உண்மை: ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். ஒரு லீற்றர் கடல்நீரில் பொட்டாசியம்-40 இயற்கையாகவே ஏறத்தாழ 12 பெக்கரல் இருக்கிறது. மீன் சதையிலும் இருக்கிறது. புல்மோட்டைக் கனிய மணலில் உள்ள மொனசைற்றில் தோரியம் உண்டு. சீசியம்-137கூடப் பழைய அணுகுண்டுச் சோதனைகளின் மிச்சமாக உலகக் கடல்களில் சிறிதளவு கலந்திருக்கிறது. ஆனால் சீசியம்-134இன் அரை ஆயுள் இரண்டே ஆண்டுகள். அது தென்பட்டால் அண்மையில் எங்கோ கசிவு நடந்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும்.

நம்பிக்கை: கையடக்கக் கருவியை மீன்மேல் பிடித்தால் தெரிந்துவிடும்.

உண்மை: ஜப்பானில் உணவுக்கான சீசியம் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். அந்த அளவைக் கையடக்கக் கருவியால் சுற்றுப்புறக் கதிர்வீச்சிலிருந்து பிரித்தறிய முடியாது. சதையை அரைத்து, தடித்த ஈயக் கவசத்துக்குள் வைத்து, ஜெர்மானியம் உணரியால் நெடுநேரம் அளக்க வேண்டும். எலும்பில் படியும் ஸ்ட்ரொன்சியம்-90ஐ அறிய வேதியியல் முறையில் பிரித்தெடுக்க வேண்டும். நீரோடு நீராகக் கலந்துவிடும் ட்ரிட்டியத்துக்கு வேறு கருவி தேவை.

நம்பிக்கை: நன்றாக வேகவைத்தால், கருவாடாக்கினால் போய்விடும்.

உண்மை: கதிரியக்கம் கிருமியல்ல, சூட்டில் சாகாது. அவித்தால் சீசியத்தில் ஒரு பகுதி சதையிலிருந்து குழம்புக்குப் போகும். அதையும் நாம்தான் சாப்பிடுகிறோம். கருவாட்டில் நீர் வற்றி எடை குறைவதால், கிலோவுக்கான அளவு கூடியே தெரியும்.

நம்பிக்கை: புக்குஷிமா நீரால் எங்கள் மீனும் கெட்டுவிட்டது.

உண்மை: 2011இல் ஜப்பானின் புக்குஷிமா அணு உலை விபத்துக்குப் பின் அந்த உலையருகே பிடிபட்ட மீன்கள் பல வரம்பைத் தாண்டியிருந்தன, அங்கே மீன்பிடி நிறுத்தப்பட்டது. 2023 ஓகஸ்ட் 24 முதல் பசுபிக்கில் விடப்படுவது சுத்திகரித்து, நீர்க்கச் செய்த பின் விடப்படும் நீர். அதில் ட்ரிட்டியத்தின் உச்சவரம்பு லீற்றருக்கு 1,500 பெக்கரல். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 10,000. நம் கடலில் அதனால் ஏற்படும் மாற்றத்தைப் பிரித்தறியவே முடியாது.

நம்பிக்கை: விபத்து நடந்த பிறகு அளந்தால் போதும்.

உண்மை: முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாவிட்டால், பின்பு கூடியதா என்று சொல்ல முடியாது. நம்மவர் தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்தை நினைத்தே அஞ்சுகிறார்கள். ஆனால் வாடைக்காலத்தில் நீரோட்டம் சோழமண்டலக் கரையோரம் தெற்கே இறங்கி நம் கிழக்குக் கரையை ஒட்டிச் செல்கிறது. அந்தக் கரையில் இருப்பது கல்பாக்கம் அணுமின் நிலையம். 2004 டிசம்பர் 26இல் கல்பாக்கத்தையும் திருகோணமலையையும் ஒரே சுனாமி தாக்கியது. அன்று இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அந்த நல்ல முடிவை நம்பி நாம் சும்மா இருக்கக் கூடாது. பருவந்தோறும் கடல்நீர், அடிமண், பாரை, கணவாய், நண்டு, மட்டி எல்லாவற்றையும் அளந்து பதிவு செய்ய வேண்டும்.

1986 செர்னோபில் விபத்துக்குப் பின் இறக்குமதிப் பால்மாவைக் கதிரியக்கத்துக்காகப் பரிசோதித்த நாடு இது. அதே அக்கறை நம் மீனுக்கும் வேண்டும்; முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் தவறாமல் வெளிவர வேண்டும். மீனவர் சங்கங்கள் இதை இலங்கை அணுசக்தி சபையிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கதிரியக்கம் பற்றிய செய்தி வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பொருள், கிலோவுக்கு எத்தனை பெக்கரல், எங்கே எப்போது பிடித்த மீன், அளந்தது யார்? இவற்றுக்குப் பதில் இல்லாத செய்தியை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.