பிரிண்டர் பட்டியல் தானாக வருமா?

கேள்வி: அலுவலகத்தின் நெட்வொர்க் பிரிண்டர் விவரங்களை ஆக்சஸ் கோப்பில் பதிய வேண்டும். ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யாமல் வழி உண்டா?

பதில்: உண்டு. பிரிண்ட் சர்வரில் இருப்பது விண்டோஸ் சர்வர் 2012 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் பவர்ஷெல்லே போதும். 'கெட்-பிரிண்டர்' கட்டளை பெயர், டிரைவர், போர்ட், இருப்பிடம் எல்லாம் தரும், ஐ.பி. முகவரி மட்டும் அதில் வராது. அதற்கு 'கெட்-பிரிண்டர்போர்ட்' வேண்டும். இரண்டையும் 'எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி' மூலம் சேமித்து, ஆக்சஸில் இறக்கி, போர்ட் பெயரை வைத்து இணையுங்கள்.

போர்ட் பெயரிலேயே ஐ.பி. இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பின்னாளில் யாராவது முகவரியை மாற்றியிருந்தாலும் பெயர் பழையபடியே நிற்கும். 'பிரிண்டர்ஹோஸ்ட்அட்ரஸ்' என்ற பத்திதான் உண்மை.

இருப்பிடத்தைத் தமிழில் எழுதியிருக்கிறீர்களா? பவர்ஷெல் 5.1-இல் என்கோடிங்கை யூ.டி.எஃப்-8 என்று குறிப்பிடாவிட்டால் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

சீரியல் எண் சர்வரில் கிடைக்காது. பிரிண்டரின் ஐ.பி.யை பிரவுசரில் திறந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். கொஞ்சம் அலுப்பான வேலைதான். ஆனால் அட்டவணையின் முதன்மைச் சாவியாகச் சீரியல் எண்ணையே வையுங்கள், ஐ.பி. எப்போது வேண்டுமானாலும் மாறும்.