சித்தப்பாவின் வலது பாதம்

அன்புள்ள மருமகளே,

"எலும்பு கூடிடுச்சு, எக்ஸ்ரேயிலும் நேராத்தான் இருக்குன்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் அத்தை, சித்தப்பா வரப்புல தடுமாறுறாரு?" என்று கேட்டிருந்தாய். போன மாதம் திருக்காட்டுப்பள்ளிக்கு வந்தபோது நானும் அவன் பின்னாலேயே நடந்து பார்த்தேன். ஈர வரப்பில் இடது தடம் நேராகப் பதிந்திருந்தது. வலது தடத்தின் விரல்கள் வலப்பக்கத்து வயலைப் பார்த்தன.

அவனுக்கு முறிந்தது தொடை எலும்பு; அது நேரான கம்பு இல்லை. முன்பக்கமாக லேசான வளைவு உண்டு. மேலே இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதியும், பெரியவர்களுக்கு, முழங்காலை ஒப்பிட்டால் சுமார் 10 முதல் 15 டிகிரி முன்னால் திரும்பியிருக்கும். எலும்பு முறிந்தால் மேல்துண்டை இடுப்புத் தசைகள் வெளிப்புறம் இழுக்கும். கீழ்த்துண்டு பாதத்தின் கனத்தில் தன் போக்குக்குச் சாயும்.

கொள்ளிடக்கரையில் வளைந்த மூங்கில் குச்சி ஒன்று எடுத்து, நடுவில் அறுத்து, கீழ்த்துண்டைக் கொஞ்சம் திருப்பி ஒட்ட வைத்துப் பார். முன்னால் இருந்த வளைவு பக்கவாட்டுக்குப் போகும், நுனியும் இடம் மாறும். காலிலும் அதே கதைதான். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலுக்குக் கோடு போட்டால் அது முழங்காலின் நடுவை ஒட்டிப் போகவேண்டும். எலும்பு திருகிச் சேர்ந்தால் பாதம் திரும்புவதோடு போகாது; அந்தக் கோடும் விலகக்கூடும். அப்போது முழங்காலின் ஒரு பக்கம் கூடுதல் பாரம் தாங்கும்.

எக்ஸ்ரே நீளத்தையும் கோணலையும் காட்டிவிடும், முறுக்கை லேசில் காட்டாது. அவனுக்குச் செய்ததுபோல எலும்புக்குள் ஆணி செலுத்தும் முறையை 1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் குன்ட்ஷர் என்ற மருத்துவர் தொடங்கினார். மேலும் கீழும் திருகு போட்டுப் பூட்டுவது பிறகு வந்தது. பூட்டும் நொடியில் கால் எந்தத் திருப்பத்தில் இருந்ததோ, அதே திருப்பத்தில்தான் எலும்பு கூடும். வளர்ந்தவர்களுக்கு அது தானாகச் சரியாவதில்லை. அதனால்தான் அறுவை மேசையை விட்டு இறக்குமுன் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் பொதுவாகக் குறையாகவே கொள்வார்கள்.

சித்தப்பா சம்மணம் போட்டு நன்றாக உட்கார்வதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெளிப்பக்கம் திரும்பிய காலுக்குச் சம்மணம் சுலபம். ஒற்றையடி வரப்பில் பாதத்தை முன்னால் வைக்கத்தான் அவன் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பை உள்ளே திருப்பவேண்டியிருக்கிறது. சாயங்காலம் இடுப்பு வலிக்கிறது என்பது அதனால்தான்.

அவனைத் திண்ணையில் குப்புறப் படுக்க வை. இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதங்களை வெளிப்பக்கம் மெல்லச் சாய விடு. வலது கால் குறைவாகச் சாய்ந்தால் நான் சொல்வது சரி. பிறகு இரண்டு காலுக்கும், இடுப்பிலும் முழங்காலிலும் சேர்த்து, சி.டி. எடுத்தால் எத்தனை டிகிரி என்று தெரிந்துவிடும். எலும்பு கூடுவதற்கு முன்பு என்றால் கீழ்த்திருகைக் கழற்றித் திருப்பியிருக்கலாம். இனி எலும்பை அறுத்துத்தான் திருப்பவேண்டும். அது தேவையா என்பதை அவன் வலியையும் வயல்வேலையையும் பார்த்து முடிவு செய்வோம். படம் எடுத்ததும் எனக்கு அனுப்பு.

உன்
அத்தை