எச்சரிக்கை மணியும் அதை நிறுவுவோரும்

சிற்றூர் வங்கிக் கிளை ஒன்றின் காப்பறையில் உழவர் குடும்பங்கள் அடகு வைத்த நகைகள் இருக்கின்றன. காப்பறைக்கு இரும்புக் கதவு உண்டு. எச்சரிக்கை மணியும் உண்டு. மணியை வாங்கியதற்கான பற்றுச்சீட்டும் தரச் சான்றும் கோப்பில் உள்ளன. ஆயினும், ஒலிக்க வேண்டிய இரவில் அந்த மணி ஒலிக்குமா என்பதை அக்கோப்பைக் கொண்டு அறிய இயலாது. அதைச் சுவரில் பொருத்திக் கம்பியிட்டுச் சோதித்தவரின் திறமையையே அது பொறுத்துள்ளது. கருவிகளுக்குத் தரம் வகுப்பதில் நம் நாடு குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டுள்ளது. அவற்றை நிறுவுவோரின் தகுதியை உறுதிசெய்வதில் அதே அளவு முன்னேற்றம் ஏற்படவில்லை.

சட்டங்களின் எல்லை

1947இல் தோன்றிய இந்தியத் தர நிர்ணயக் கழகத்தின் பணிகளை, 1987 ஏப்ரல் முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்று நடத்தி வருகிறது. இன்று அதற்கு அடிப்படையாக உள்ளது 2016ஆம் ஆண்டுச் சட்டம். அமைவனம் வெளியிடும் தரங்கள் பொதுவாக விருப்பத்தின் பேரில் பின்பற்றப்படுபவை. மத்திய அரசு ஆணையிட்டுக் கட்டாயமாக்கும்போதுதான் அவற்றை மீறுவது குற்றமாகிறது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

கண்காணிப்புக் கேமராக்கள் இத்தகைய கட்டாயப் பதிவின் கீழ் வந்துள்ளன. 2024 ஏப்ரலில் வெளியான திருத்த ஆணை, மின் பாதுகாப்புடன் தகவல் பாதுகாப்பையும் சோதனைக்கு உள்ளாக்கியது. கருவியைத் திறந்து சிதைக்க இயலாத அமைப்பு, கடவுச்சொல் கட்டுப்பாடு, தகவலை மறைகுறியீட்டில் அனுப்புதல் ஆகியவை அதில் அடங்கும். இவை யாவும் கருவியைப் பற்றிய விதிகளே. ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாமலே கேமராவைப் பொருத்திவிட்டுச் செல்லும் பணியாளரை இவ்விதிகள் எட்டுவதில்லை.

2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் பெரிதும் காவலாளர்களைக் கருத்தில் கொண்டது. 2006ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் காவலாளருக்கு 100 மணி நேர வகுப்பறைப் பயிற்சியையும் 60 மணி நேரக் களப்பயிற்சியையும் வகுத்தன. வாயிலில் நிற்பவருக்கு இவ்வாறு பயிற்சி நேரம் கணக்கிடப்பட்டது. அவர் தலைக்கு மேலுள்ள மணியைப் பொருத்துபவருக்கு அத்தகைய கணக்கு எதுவும் அவ்விதிகளில் இல்லை. மின்சாரப் பாதுகாப்பு விதிகளின்படி மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும். ஆனால் அவ்வுரிமம் மின் விபத்தைத் தடுக்கும் நோக்கமுடையது. களவைத் தடுக்கும் அறிவுக்கு அதைச் சான்றாகக் கொள்ள இயலாது.

வாங்குவோர் காண இயலாத தரம்

விற்பவர் அறிந்த தரத்தை வாங்குபவர் அறிய இயலாத சந்தையில், மட்டமான பொருள் நல்ல பொருளை வெளியேற்றிவிடும் என்பதை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். அவர் எடுத்துக்காட்டியது பழைய மோட்டார் கார்ச் சந்தை. எச்சரிக்கை அமைப்புக்கு இக்கருத்து மேலும் பொருந்தும். பழைய காரின் குறை சில வாரங்களில் தெரிந்துவிடும். மணியின் குறையோ களவு நிகழும் நாள் வரை தெரியாமலே இருக்கக்கூடும். எனவே வாங்குவோர் விலையை மட்டும் ஒப்பிடுகின்றனர். சோதனைக்கு ஒரு நாள் கூடுதலாகச் செலவிடும் நேர்மையான தொழிலாளி, குறைந்த விலைப்புள்ளி தருபவரிடம் ஒப்பந்தத்தை இழக்கிறார்.

நிறுவும் பணியில் நேரும் பிழைகள்

முதல் பிழை, இடரை மதிப்பிடாமல் கருவியைத் தேர்வதாகும். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 62642 தரம், ஊடுருவலை அறிவிக்கும் அமைப்புகளை நான்கு பாதுகாப்பு நிலைகளாகப் பிரிக்கிறது. கருவி பற்றிய அறிவு மிகக் குறைந்த, எளிய கருவிகளையே கையாளும் திருடனை எதிர்நோக்குவது முதல் நிலை. விரிவாகத் திட்டமிடும் ஆற்றலும் வசதியும் உடையவனை எதிர்நோக்குவது நான்காம் நிலை. வீட்டுக்கு ஏற்ற அமைப்பைக் கருவூலத்தில் பொருத்தினால் கருவி தரமானதாக இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, தட்பவெப்பத்தை மறப்பதாகும். அகச்சிவப்பு உணர்கருவி, மனித உடலின் வெப்பத்துக்கும் சூழலின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே நடமாட்டத்தை உணர்கிறது. விதர்பாவிலும் ராஜஸ்தானிலும் மே மாதத்தில் வெப்பம் 45 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. பூட்டிய அறையின் சுவர்கள் இரவிலும் 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது அவ்வேறுபாடு மிகவும் குறைந்து, உணர்திறனும் குறைகிறது. வெப்ப ஈடு செய்யும் கருவியைத் தேர்வதும், வேறு முறையில் இயங்கும் இரண்டாவது உணரியைச் சேர்ப்பதும் நிறுவுபவர் அறிந்திருக்க வேண்டியவை.

மூன்றாவது பிழை கம்பியைச் சார்ந்தது. உணரிக்குச் செல்லும் கம்பியின் கடைசி முனையில் ஒரு சிறு மின்தடை இணைக்கப்பட வேண்டும். கம்பியை எவரேனும் இடையில் குறுக்கிணைத்தால் மின்தடையின் அளவு மாறும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதை அறிந்துகொள்ளும். வேலையைச் சுருக்க விரும்புவோர் அம்மின்தடையைப் பெட்டிக்குள்ளேயே இணைத்துவிடுகின்றனர். விளக்கு எரியும், சோதனையில் மணியும் ஒலிக்கும். ஆனால் வழியில் நிகழும் குறுக்கிணைப்பைப் பெட்டி அறியாது. கருவி முழுத் தரத்துடன் இருக்க, பாதுகாப்பு மட்டும் இல்லாமற்போகிறது.

நான்காவது பேட்டரிக் கணக்கு. ஓர் அமைப்பு அமைதி நிலையில் 0.25 ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாகவும், மின்தடை 24 மணி நேரம் நீடிப்பதாகவும் கொள்வோம். அதற்கு 6 ஆம்பியர்-மணி தேவை. 1 ஆம்பியர் எடுக்கும் மணி 15 நிமிடம் ஒலிக்க மேலும் 0.25 ஆம்பியர்-மணி தேவை. மொத்தம் 6.25. பேட்டரி முதுமையடையும்போது கொள்திறன் குறைவதால் நான்கில் ஒரு பங்கு கூட்டினால் ஏறத்தாழ 7.8 ஆகிறது. சந்தையில் எளிதில் கிடைக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இதற்குப் போதாது. மேலும், ஈய-அமில பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொது விதி. கணக்கிடாமல் பொருத்திய பேட்டரி, நீண்ட மின்வெட்டு நேரும் இரவில் அமைப்பை ஊமையாக்கிவிடும்.

பொய் எச்சரிக்கையின் விலை

பல்லியும் பூச்சியும் ஊர்ந்தாலும், இடி மின்னலால் மின்னழுத்தம் பாய்ந்தாலும் தவறாக நிறுவிய மணி ஒலிக்கும். அதன் செலவை நிறுவியவரோ உரிமையாளரோ முழுமையாக ஏற்பதில்லை. காவல் நிலையமும் அண்டை வீட்டாரும் அதன் பெரும்பகுதியைச் சுமக்கின்றனர். பொருளியலார் இதைப் புறவிளைவு என்பர். பலமுறை பொய்யாக ஒலித்த மணியை ஊரார் பொருட்படுத்துவதில்லை. கிளை ஊழியரே அதை அணைத்து வைப்பதும் உண்டு. பிரிட்டனில் காவல்துறையின் உடனடி வருகையைப் பெற வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு அமைப்பின் சான்றுடைய நிறுவனமே எச்சரிக்கை அமைப்பை நிறுவிப் பராமரிக்க வேண்டும். பொய் அழைப்புகள் மீண்டும் மீண்டும் வந்தால் அவ்வுரிமை விலக்கிக்கொள்ளப்படும். செலவை உண்டாக்கியவரிடமே அதைத் திருப்பும் வழி இது.

நம் நாட்டிலும் பொறுப்பு கூடிவருகிறது. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவுறுத்தல்கள், களவு, தீ, கொள்ளை போன்றவற்றால் பாதுகாப்புப் பெட்டகப் பொருள்கள் இழக்கப்பட்டால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை என வகுத்தன. காப்பறைக்குச் செல்வோர், வருவோர் பற்றிய கேமராப் பதிவை 180 நாள்களுக்குக் குறையாமல் வைத்திருக்கவும் பணித்தன. ஆயினும், தாலியையும் பாட்டியின் காதணியையும் இழந்த குடும்பத்துக்கு வாடகையின் மடங்கு ஈடாகாது. அதனால்தான் இழப்பீட்டைவிடத் தடுப்பு முதன்மை பெறுகிறது.

செய்யத்தக்கவை

எல்லா நிறுவுவோருக்கும் ஒரே கண்டிப்பான உரிமம் விதிப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் சான்று பெறும் செலவு பெரிய நிறுவனத்துக்குச் சிறிது. இரண்டு உதவியாளர்களுடன் தொழில் செய்பவருக்கு அது பெருஞ்சுமை. கையால் செய்தே தொழில் கற்றவர்கள் பலர் பிழைப்பை இழக்க நேரிடும். ஆகவே இடரின் அளவுக்கு ஏற்ப விதியும் அமைய வேண்டும். வீட்டுக்கும் சிறு கடைக்கும் நிறுவுபவரின் எழுத்து உறுதியும் சோதனை அறிக்கையும் போதும். வங்கி, கருவூலம், மருந்துக் கிடங்கு போன்ற இடங்களுக்குச் சான்று பெற்றவர் கட்டாயமாக வேண்டும்.

அதற்கான அடித்தளம் ஏற்கெனவே உள்ளது. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ்க் கண்காணிப்புக் கேமரா நிறுவும் தொழில்நுட்பருக்கான தகுதி வகுக்கப்பட்டுள்ளது. முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வழியும் உண்டு. தீ எச்சரிக்கை அமைப்புகளின் தேர்வு, நிறுவுதல், பராமரிப்பு மூன்றையும் ஒருங்கே வகுக்கும் ஐ.எஸ். 2189 நல்ல முன்மாதிரியாகும்.

கொள்முதல் அதிகாரிகள் புதிய சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தப்புள்ளியில் பாதுகாப்பு நிலையைக் குறிப்பிடலாம். கருவியின் விலையையும் நிறுவும் கூலியையும் தனித்தனியே கேட்கலாம். கம்பி வரைபடம், பேட்டரிக் கணக்கு, ஒவ்வோர் உணரியின் முன்னும் நடந்து பார்த்த சோதனைக் குறிப்பு ஆகியவற்றை ஒப்படைத்த பின்னரே இறுதித் தொகையை வழங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓர் இரவு முழுதும் மின் இணைப்பைத் துண்டித்து அமைப்பைச் சோதிக்கலாம். நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட பொது அறிவுறுத்தல்கள், தரம் முதன்மையான கொள்முதல்களில் விலையல்லாத கூறுகளுக்கு 30 விழுக்காடு வரை மதிப்பளிக்க இடம் தந்தன. குறைந்த விலையே இறுதி அளவுகோல் என்ற பழக்கத்தை இத்துறையிலேனும் கைவிட இது துணைபுரியும்.

தரம் என்பது கருவியின் மீது ஒட்டிய முத்திரையோடு முடிவதில்லை. நிறுவியவரின் பெயரும் சோதித்த நாளும் எழுதப்பட்ட ஓர் அட்டை கட்டுப்பாட்டுப் பெட்டியின் உட்புறம் இருக்குமானால், பொறுப்புக்கு ஒரு முகவரி கிடைக்கும். நகைகளை நம்பி ஒப்படைத்த குடும்பத்துக்கு நிர்வாகம் செய்யக்கூடிய முதற்கடமை இதுவே.