கீழாநெல்லியும் கல்லீரலும்

நாஞ்சில் நாட்டு வயல் வரம்புகளில் தானே முளைக்கும் கீழாநெல்லியை அறியாதார் இலர். தோலும் கண்ணும் மஞ்சளித்தவர்க்கு அதனை அரைத்து மோரிற் கலந்து கொடுத்தல் நம்மவர் வழக்கம். சில நாளில் மஞ்சள் நீங்கும். புகழ் பச்சிலைக்கே சேரும். ஆயின் காமாலை நோயன்று, நோயின் குறியே. பித்தத்தின் நிறப்பொருளைக் கல்லீரல் கழிக்க மாட்டாதபோது அது தோலில் ஏறுகின்றது. அசுத்த நீரால் வரும் காமாலையோ பெரும்பாலும் தானே தணிவது.

அஞ்சத்தக்கது ஹெப்படைட்டிஸ் பி என்னும் வைரஸ். அது குருதியில் ஆண்டுக்கணக்காய் மறைந்திருந்து, மஞ்சளேதும் காட்டாமலே ஈரலைத் தழும்பேற்றிச் சிலர்க்குப் புற்றுக்கட்டியாய் முடியும். அதன் அடையாளத்தை முதற்கண் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் என்பாரும், சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசன் முதலியோரும் கீழாநெல்லியை ஆராய்ந்தனர். 1988-இல் வெளியான முடிவின்படி, 30 நாள் அம்மருந்து உண்ட 37 பேருள் 22 பேர்க்கு அவ்வடையாளம் அகன்றது. மருந்துபோல் தோன்றும் வெறும் பொருளை உண்ட 23 பேருள் ஒருவர்க்கே அகன்றது. இதனைப் படித்தபோது நமக்கு உவகையே பிறந்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர்ச் சோதித்தோர் அப்பயனைக் கண்டிலர்.

நாம் பெரிதும் மதிப்பது அந்த 23 பேரையும் சேர்த்து எண்ணிய முறையையே. அவர் இலராயின், தானே தணிந்ததையும் மருந்து தணித்ததையும் பிரித்தறிதல் எங்ஙனம்? நம் பாட்டிமார் அக்கணக்கு வைத்திலர். அது அவர் குற்றமன்று. மஞ்சள் இறங்கியதும் மருத்துவரிடம் செல்லாது விடுதலே இடர். 2011 முதல் இந்தியா முழுவதும் குழந்தைகட்கு இவ்வைரஸின் தடுப்பூசி இடப்படுகின்றது. நம் பெற்றோர் தலைமுறையினர்க்கோ, உள்ளே மறைந்திருப்பதைக் காட்டுவது குருதிச் சோதனை ஒன்றே.