அறுவைக்குப் பின்னும் ஆண்டுச் சோதனை

பாறசாலை அருகே எங்கள் ஊரில் என் மாமாவுக்கு நுரையீரல் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஐந்தாண்டு கடந்ததும், "இனி பயமில்லை, மருமகனே" என்று சோதனைக்குப் போவதை நிறுத்தினார். பீடியும் திரும்பி வந்தது.

அன்பர்களே, இங்கே இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, பழைய நோய் திரும்புவது. பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில் வரும். மற்றொன்று, புதிதாகவே முளைக்கும் கட்டி. புகை ஓரிடத்தை மட்டும் கெடுப்பதில்லை. வாய், தொண்டை, இரு நுரையீரல்கள் அனைத்தையும் கெடுக்கிறது. வாய்ப்புற்றை ஆராய்ந்த ஸ்லாட்டர் குழுவினர் இக்கருத்தை 1953இல் வெளியிட்டனர். அறுவை முடிந்தவர்களில், ஆண்டுக்கு நூற்றுக்கு 1 முதல் 2 பேருக்குப் புதிய நுரையீரல் கட்டி தோன்றலாம். ஆண்டுகள் பல சென்றாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை.

மாமி விடவில்லை, வற்புறுத்தித் திருவனந்தபுரம் அழைத்துச் சென்றார். சி.டி. ஸ்கேனில் மறுபக்க நுரையீரலில் சிறு கட்டி தெரிந்தது. சிறிதாக இருந்ததால் கதிர்வீச்சுச் சிகிச்சை தர முடிந்தது. மாமா பீடியை விட்டார்.

தொலைவில் வாழும் நாம் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, "சுகமா?" என்பதோடு நிறுத்த வேண்டாம். "இந்த ஆண்டு ஸ்கேன் எடுத்தாயிற்றா? பீடியை விட்டாயிற்றா?" என்றும் கேட்போம்.