மேவரிக் ஹைபிரிட்: நான்கு சக்கர இயக்கம் தேவையா?

கேள்வி: அமெரிக்காவில், மின்னசோட்டாவில் வசிக்கிறோம். ஃபோர்டு மேவரிக் ஹைபிரிட் பிக்கப் வாங்க எண்ணம். நான்கு சக்கர இயக்கத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: 2025 மாடலில்தான் ஹைபிரிட்டுக்கு அந்த வசதி வந்தது. மைலேஜ் சற்றுத்தான் குறையும். 4,000 பவுண்டு இழுக்கும் டோயிங் பேக்கேஜ் இதில்தான் கிடைக்கும்; முன்சக்கர இயக்க வண்டிக்கு 2,000தான். கனமான டிரெய்லரோ படகோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பனிக்காக மட்டும் என்றால், முதலில் நல்ல குளிர்கால டயர் போடுங்கள். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பத்தான் உதவும். உறைந்த சாலையில் பிரேக் போடும்போது காப்பாற்றுவது டயர். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வீட்டு வாசல் ஏற்றமாக இருந்து, பனி அள்ளும் வண்டியும் தாமதமாக வரும் தெரு என்றால் இரண்டையுமே வாங்குங்கள்.